தட்டுத் தூக்கும் யப்பான்காரிகள்

பிசின் மணம். மரப்பட்டையைக் கீறினால் வருமே, அது. அதன் மேல் கொஞ்சம் ஸ்பிரிட். அடியில் யாருடையதோ பழைய வியர்வை.

ஒட்டுமீசைக்குப் பூசும் பசை அது. மாஸ்டிக்ஸ் என்பார்கள். கார்னிவல் நெருங்கிவிட்டது, மகளின் பள்ளிக்கூட விழாவுக்குக் கடற்கொள்ளையன் மீசை ஒன்று வாங்க ஜேர்மனியின் எசன் நகரக் கடைத்தெருவில் ஒரு வேடக் கடைக்குள் நுழைந்தேன். கடைப்பெண் நல்ல பிள்ளை. பசை தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கச் சிரித்துக்கொண்டே என் புறங்கையில் ஒரு சொட்டு வைத்தாள். அவள் தலைக்கு மேலே சுவர் முழுக்க மனிதர்கள் பிளாஸ்டிக் பைகளில் தொங்கினார்கள். சீனன். செவ்விந்தியன். அரபுச் சேக். ஒரு பைக்குள் கறுப்புக் கொண்டை, அதில் குத்த இரண்டு குச்சி, கண்ணோரத் தோலை இழுத்து ஒட்ட இரண்டு துண்டுப் பட்டி. ஒரு முழு இனத்தையும் மடித்து உள்ளே வைத்து, வாயைச் சூடு காட்டி ஒட்டி, விலை எழுதியிருந்தார்கள்.

மீசையை வாங்காமலே வெளியே வந்தேன். டிராமில் புறங்கை மணந்துகொண்டே வந்தது. துடைத்தேன், போகவில்லை. அந்த மணத்துக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"முன்னுக்கு நிக்கிறவளைப் பாராதை. பின்னாலை பார். பின்னாலை பாரடி."

இரண்டாயிரத்தின் முதல் ஆண்டுகளில் நானும் அக்காவும் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் வேலை செய்தோம். அக்கா எனக்குச் சொந்தமில்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்களுக்கிடையே ஒரு கடல்நீரேரி கிடந்தது. எசனில் ஒரே படிக்கட்டு, ஒரே வேலை, ஒரே பஸ். நெடிய ஆள். நல்ல கறுப்பு, மழையில் நனைந்த கருங்கல் போல மினுங்குகிற கறுப்பு. நடக்கும்போது தரை அவருக்குக் கடன்பட்டதுபோல நடப்பார். கோபம் வந்தால் கத்தமாட்டார். கையில் இருப்பதை மெதுவாக, மிக மெதுவாகக் கீழே வைப்பார். கோப்பையோ கத்தியோ, சத்தமே வராது. அந்தச் சத்தமின்மைக்குக் குசினி முழுவதும் பயந்தது.

பின்னேரங்களில் கோப்பியும் கேக்கும் தட்டில் வைத்துத் தொலைக்காட்சிக் கூடத்துக்குக் கொண்டுபோவோம். அந்த நேரத்தில் பழைய ஹொலிவூட் படங்கள் போகும், எல்லாம் ஜேர்மன் குரலில். முதியவர்கள் கதிரைகளில் புதைந்திருப்பார்கள். முன்கதிரையில் எப்போதும் ஒரு கிழவி. ஒரு காலத்தில் தொப்பிக் கடை வைத்திருந்தவர். காதல் படம் என்றால் கண் துடைக்கக் கைலேஞ்சியைத் தயாராக மடியில் விரித்து வைத்திருப்பார். அவருக்குப் பிடித்தவை யப்பான் படங்கள். யப்பானியர் எடுத்தவை அல்ல. அமெரிக்கர் யப்பானைப் பற்றி எடுத்தவை.

கதை எப்போதும் ஒன்றுதான். போர் முடிந்த யப்பான். ஓர் அமெரிக்கச் சிப்பாய், அல்லது அதிகாரி. ஒரு காகிதக் கதவு. அது விலகினால் தலை குனிந்தபடி ஒரு பெண். அவன் காதலிப்பான், மேலதிகாரி தடுப்பான், வயலின் அழும், தொப்பிக் கிழவியும் அழுவார். முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து காட்டும்போதுதான் தெரியும்: கண்ணோரத்தில் தோல் இழுபட்டிருக்கும். பொய்முடியின் ஓரத்தில் பசை மினுங்கும். நீலக் கண்ணை நிழலில் மறைத்திருப்பார்கள். வெள்ளைக்காரி ஒருத்தி பட்டி போட்டு இழுத்து யப்பான்காரியாகி, தன்னைவிட வெள்ளையான ஒருவனின் நெஞ்சில் சாய்ந்துகொண்டிருப்பாள். ஜேர்மன் குரல் கொடுத்தவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போயிருப்பார்கள். "நான் உன்னை நேசிக்க. நீ என்னை மறக்க." வினைச்சொல்லுக்குக் காலும் இல்லை, காலமும் இல்லை.

"யப்பான்காரி யப்பானிலை நிண்டு கதைக்கிறாள்," என்றார் அக்கா, தட்டோடு சுவரில் சாய்ந்துகொண்டு. "அவளுக்கு ஏன் பாஷை தெரியாமல் போச்சு?"

"படம்தானே அக்கா."

"ஓம், படம்தான். விசாக் கந்தோரிலை எங்களோடை கதைக்கிறவையும் உப்பிடித்தான் கதைக்கினம். 'நீ இருக்க. நீ கையெழுத்து வைக்க.' உந்தப் படத்திலை பழகினவையோ தெரியாது."

தொப்பிக் கிழவி திரும்பிப் பார்த்தார். "அவள் என்ன சொல்கிறாள்?" என்று என்னிடம் ஜேர்மனில் கேட்டார்.

"படம் நல்லாயிருக்கிறதாம்," என்றேன். அக்கா தமிழில், "பொய்க்காரி," என்றார். எனக்கா கிழவிக்கா தெரியவில்லை.

அக்கா அந்தப் படங்களைப் பார்க்கும் விதம் வேறு. கதாநாயகியைப் பார்க்கமாட்டார். அவளுக்குப் பின்னால் பார்ப்பார். பின்னால், கலங்கலாக, உண்மையான யப்பானியர் இருப்பார்கள். தேத்தண்ணித் தட்டுக் கொண்டுபோகிறவள். குடை பிடிக்கிறவள். வாசலில் செருப்பு அடுக்குகிறவள். கதாநாயகி சிரிக்கும்போது தானும் வாயைப் பொத்திச் சிரிக்க வேண்டியவள்.

"அந்தா. தட்டோடை போறாளே. அவள்தான் அவள். அவளின்ரை கதையைத்தான் முன்னுக்கு நிக்கிறவள் திருடிக்கொண்டு நிக்கிறாள்."

தட்டுக்காரிகளை அவர் படத்துக்குப் படம் அடையாளம் வைத்திருந்தார். இடது கன்னத்தில் குழி விழுகிற ஒருத்தி. ஒரு படத்தில் வேலைக்காரியாகவும் இன்னொன்றில் மீன் விற்கிறவளாகவும் வந்தாள். "இஞ்சை பார், எங்கடை பிள்ளை வந்திட்டுது," என்பார் அவளைக் கண்டதும், சொந்தக்காரியைத் தெருவில் கண்டதுபோல. அவரே ஒரு விதி கண்டுபிடித்தார்: "முத்தம் குடுக்க வேணுமெண்டால் பூச்சுப் பூசின வெள்ளைக்காரி. சாகவேணுமெண்டால் உண்மையான யப்பான்காரி. நல்லாப் பார், பிழைக்காது." ஆம்பிளைகளுக்கு இன்னும் மோசம். வெள்ளைக்காரியை ஒரு யப்பான்காரன் ஏறெடுத்துப் பார்க்கவேண்டிய காட்சி என்றால், அந்த யப்பான்காரனும் கண் இழுத்து ஒட்டிய வெள்ளைக்காரன்தான்.

போர்க்காலத்தில் அமெரிக்காவிலேயே பிறந்த யப்பானியரைக் குடும்பம் குடும்பமாக முள்வேலிக்குள் அடைத்தார்கள் என்று எங்கோ வாசித்ததை ஒருநாள் சொன்னேன். அக்கா கேக் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப, அந்தக் கன்னக்குழிக்காரி?"

"அவளைத் தெரியாது. அவளின்ரை ஆக்கள் அடைபட்டிருக்கலாம்."

"முகாமாலை வந்தவளுக்குத் தட்டைக் குடுத்தவை," என்றார். கத்தியை மெதுவாக மேசையில் வைத்தார். சத்தமே வரவில்லை.

அவர் வீட்டு வரவேற்பறையில் கல்யாணப் படம் ஒன்று மாட்டியிருந்தது. யாழ்ப்பாணத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் கேட்காமலே செய்கிற உபகாரம் ஒன்று உண்டு. மணப்பெண்ணின் முகத்தைத் தூரிகையால் வெள்ளையாக்குவது. படத்தில் கழுத்து வரை அக்கா. கழுத்துக்கு மேலே இளஞ்சிவப்பு நிறத்தில் யாரோ ஒருத்தி.

"கழுத்து நான். முகம் ஆரெண்டு தெரியாது," என்று வருகிறவர்களிடம் சொல்வார். "இவர் எவளைக் கட்டினாரோ."

கணவர் நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். "கழுத்தைத்தானே கட்டினது, தாலி அங்கைதானே," என்பார். எல்லோரும் சிரிப்போம். அக்காவும் சிரிப்பார். ஆனால் ஒருமுறை, கேத்தில் கொதிக்கிற சத்தத்துக்கு நடுவே, அந்தப் படத்தைப் பார்த்தபடி சொன்னார்: "ஒருக்கா எண்டாலும் என்ரை மூஞ்சையோடை முன்னுக்கு நிக்க வேணுமடி. ஆரும் தொடாமல்." வேறு ஆசை எதுவும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

நம்மவர்களுக்கு இதெல்லாம் விசர்க் கதை. பொங்கல் விழா ஒன்றில் தமிழ்ச் சங்கத் தலைவரோடு அக்கா மோதினார். தலைவர் ஊரில் கணக்குப் படிப்பித்தவர், எல்லாருக்கும் மாஸ்டர். கடலோரக் கத்தோலிக்க ஊர், கூத்து ஆடிய பரம்பரை. அக்கா யாருக்கோ யப்பான் படம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு வடையோடு வந்தார்.

"பிள்ளை, நடிப்பெண்டால் வேசம்தானே. எங்கடை கூத்திலை றோமாபுரி ராசாவா ஆடினது ஆர்? மீன் பிடிக்கிறவன். றோஸ் பவுடரை அப்பிக்கொண்டு ஆடினவன். ராணியா ஆடினவனுக்கு மீசை இருந்தது, வழிச்சுப்போட்டு ஆடினவன். அதுக்கு றோமாபுரிக்காரன் கோவிச்சவனே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் யோசித்தேன், இதற்கு அக்கா என்ன சொல்வார் என்று.

"மாஸ்டர்," என்றார் அக்கா, "உங்கடை கூத்துக் கொட்டில் வாசலிலை றோமாபுரி ராசா வந்து நிண்டவரே? 'நான்தான் ராசா, என்னை ஆட விடுங்கோ' எண்டு கேட்டவரே? கேட்டிருந்தால் விட்டிருப்பியள். ஹொலிவூட்டிலை யப்பான்காரர் வந்து கேட்டவை. வாசலிலை நிண்டவை. உள்ளுக்கு விட்டிட்டு, தட்டைக் கையிலை குடுத்தவை."

மாஸ்டர் வடையைக் கடித்தார். "கதைக்கத் தெரியும் உமக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வசந்தத்தில்தான் படக்காரர் வந்தார்கள். தொலைக்காட்சிக்கு ஒரு படம். மனைவியை இழந்த ஜேர்மன் மின்வேலைக்காரன், அவன் வீட்டைத் துப்புரவாக்க வருகிற, நாற்பதை எட்டிய ஈழத்துப் பெண், காதல், கடைசியில் தமிழ் முறைப்படி கல்யாணம். தமிழ்ப் பெண்கள் தேவை என்று சங்கத்துக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கா வேலைக்கு லீவு போட்டார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஒரு வெறும் அறை, ஒரு கமெரா, ஒரு தாள். அந்தப் பெண் ஜன்னலோரத்தில் ஏன் கதிரை போடுவதில்லை என்று அவனுக்குச் சொல்கிற இடம். அக்கா வாசித்தார். நடுவில் தொண்டை அடைத்து, தன்னை மறந்து தமிழில் "பொறுங்கோ" என்றார், இருமினார், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.  உதவி இயக்குநராக இருந்த இளம்பெண் கண்ணைத் துடைத்தாள்.  ஷெல் விழுகிற ஊரில் ஜன்னலோரம் யாரும் இருப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். அதை ஜேர்மனில் சொல்ல முடியும் என்று அன்றுவரை தெரியாது.

சில கிழமைகளில் தொலைபேசி வந்தது. அதே இளம்பெண். வாழ்த்துகள், நீங்கள் படத்தில் இருக்கிறீர்கள். இன்னொன்று: உங்கள் கல்யாணத்தில் உடுத்த சேலை இருக்கிறதா? படப்பிடிப்புக்கு அதைக் கொண்டுவர முடியுமா?

அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு என் கதவைத் தட்டினார். முகம் முழுக்கப் பல்.

"கூறையைக் கொண்டரட்டாம்."

"எந்தப் பாத்திரமெண்டு சொன்னவையோ அக்கா?"

"எடியே, கூறை கொண்டாவெண்டு சொன்னால் பொம்பிளை ஆர் எண்டு கேக்க வேணுமே?"

அவர் சொன்னது சரி. எங்கள் வீடுகளில் மாப்பிள்ளை பகுதி எடுத்துக் கொடுத்து, தாலிகட்டுக்கு மணப்பெண் உடுக்கிற சேலைதான் கூறை. ஒரு கல்யாணத்தில் ஒரு கூறைதான். இன்னொருத்தியின் தாலிகட்டுக்குத் தன் கூறையை உடுத்துக்கொண்டு எவளும் போகமாட்டாள். மணப்பெண்ணின் இடத்தை மறித்துக்கொண்டு நிற்பது போன்றது அது. கூறை கேட்டால் பொம்பிளையை, அதாவது மணப்பெண்ணை, கேட்டதுதான். எங்கள் ஆட்களில் யார் அந்தத் தொலைபேசியை எடுத்திருந்தாலும் இதையேதான் நினைத்திருப்பார்கள்.

அந்த நாட்களில் அக்கா வேறு ஆள். தட்டுக் கழுவும்போது வசனம். பஸ்ஸில் வசனம். பெட்டிக்கடியில் கிடந்த கூறையை எடுத்துப் பல்கனியில் வெயில் காட்டினார். அரக்குச் சிவப்பு, அகலக் கரை, அந்தக் கட்டடத்தின் சாம்பல் நிறச் சுவரில் ஏதோ தீப்பிடித்ததுபோல இருந்தது. தொப்பிக் கிழவியிடம் தான் படத்தில் வரப்போவதாகச் சொன்னார். கிழவி கைதட்டி, கட்டாயம் பார்ப்பேன் என்றார். கணவர் அவரை "ஹொலிவூட்" என்று கூப்பிடத் தொடங்கினார். "ஹொலிவூட், சோறு போடன்." அவரும் போட்டார், நடிகை மாதிரிக் கையை வளைத்து.

படப்பிடிப்பு நகரத்தின் ஓரத்தில், மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் பழைய மண்டபத்தில். கல்யாணக் காட்சிக்கு விருந்தினர் வேண்டுமென்று எங்கள் ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். மாஸ்டர் கோட்டும் சால்வையுமாக வாசலில் நின்று, தன் மகளின் கல்யாணம்போல வரவேற்றுக்கொண்டிருந்தார். அக்கா கூறைப் பையை நெஞ்சோடு பிடித்தபடி ஒப்பனை அறைக்கு நேரே போனார். நான் பின்னால் போனேன்.

கதவைத் திறந்ததும் அந்த மணம். பிசின், ஸ்பிரிட், வியர்வை.

கண்ணாடிக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். ஜேர்மன் தொலைக்காட்சியில் எல்லோருக்கும் தெரிந்த நடிகை. ஒரு பெண் அவள் கழுத்துக்குப் பஞ்சால் மண்ணிறம் பூசிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி நீண்ட கறுப்புப் பின்னலோடு ஒரு பொய்முடியை நெற்றியோரம் பசை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். கண்ணுக்குள் மண்ணிற வில்லை. நெற்றியில் பொட்டு, அதுவும் கொஞ்சம் கோணல்.

அவள் எங்களைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தாள். நான் அவளை வெறுக்க விரும்புகிறேன். அவளோ அன்பானவள், அதுதான் இன்னும் எரிகிறது. அக்காவின் கைகளைப் பற்றிக்கொண்டாள். "நீங்கள்தானே அது. கிழமைக்கணக்காக உங்கள் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காரில், குளிக்கும்போது, தூங்கப்போகும்போது. நான் சரியாகச் செய்கிறேனா, சொல்லுங்கள்." சொல்லிவிட்டு அந்த ஜன்னல் வசனத்தைப் பேசினாள். அக்காவின் ஏற்ற இறக்கம். அக்காவின் தடுமாற்றம். சரியான இடத்தில் "பொறுங்கோ" என்றாள். சரியான இடத்தில் இருமினாள்.

அக்கா அசையவில்லை. தன் இருமலைப் பிறத்தியாள் தொண்டையில் கேட்ட ஒருத்தி எப்படி அசைவாள்?

உதவி இயக்குநர் வந்தாள். நாங்கள் கேட்காமலே பதில் சொன்னாள், மிக மென்மையாக. "நீங்கள் அற்புதமாக வாசித்தீர்கள். ஆனால் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த முகம் ஒன்று வேண்டும். புரிந்துகொள்வீர்கள்தானே."

"தெரிந்த முகம் என்றால்," என்று அக்கா ஜேர்மனில் கேட்டார், ஒவ்வொரு வினைச்சொல்லும் அதனதன் இடத்தில், "அதை ஏன் மூடினீர்கள்?"

அந்தப் பெண் சிரித்துச் சமாளித்தாள். பையிலிருந்து எட்டிப் பார்த்த சிவப்புக் கரையைக் கண்டதும் "எவ்வளவு அழகு" என்று கையை நீட்டினாள். மணப்பெண்ணுக்கு அதைத்தான் உடுத்தப்போகிறோம், நீங்களே கட்டிவிட முடியுமா?

அக்கா பையை விடவில்லை. அவள் மெதுவாக இழுத்தாள். அக்கா விடவில்லை.

"ஏலாது," என்றார் தமிழில்.

விஷயம் மண்டபத்துக்குப் போய் மாஸ்டர் ஓடிவந்தார். "பிள்ளை, குடுத்துவிடும். எங்கடை கதையை முதல்முதலா எடுக்கிறாங்கள். கெடுத்துப் போடாதையும். ஒரு சீலைதானே."

"எங்கடை கதையோ? ஆற்றை மூஞ்சையிலை மாஸ்டர்?"

"மூஞ்சையை விடும். கதை வருகுதெல்லோ."

அப்போதுதான் மாஸ்டரின் மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். "என்ரை கூறை காருக்குள்ளை கிடக்கு. அதை எடுங்கோவன். எனக்கும் போன் பண்ணிக் கொண்டரச் சொன்னவை." அவருக்குப் பின்னாலிருந்து இன்னொருத்தி, "எனக்கும்தான்" என்றாள். இன்னொருத்தி தன் பையைத் திறந்தே காட்டினாள்.

எல்லோரிடமும் கேட்டிருக்கிறார்கள். கடையில் துணி பார்ப்பதுபோல எங்கள் கூறைகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்துகொள்ள. அக்கா அந்தப் பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.  கையிலிருந்த தன் பையை மட்டும் கீழே வைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

மாஸ்டரின் மனைவியின் கூறையை நடிகைக்குச் சுற்றினார்கள். எங்கள் பெண்கள் மூன்று பேர் முண்டியடித்து, முன்மடிப்பை மடித்து மடித்துக் கொய்யகம் பிடித்தார்கள். கையெல்லாம் மண்ணிறம். சிரித்துக்கொண்டே துடைத்தார்கள். அவர்களில் ஒருத்தி, "எங்களைவிட வடிவாத்தான் இருக்கிறாள்," என்றாள். அந்த ஸ்டூடியோக்காரனின் தூரிகை எங்கள் எல்லோர் கையிலும் இருந்தது.

அக்கா வீட்டுக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். கழிப்பறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது மண்டபத்தில் எங்கள் ஆட்களின் பேச்சு நின்றது. கூறை உடுத்திருந்தார். கொய்யகம் கத்திமுனைபோல. தாலிக்கொடியை எடுத்து வெளியே விட்டிருந்தார். யாரோ விருந்தாளிக்குக் கொடுத்த பூச்சரத்தைக் கொண்டையைச் சுற்றிக் கட்டியிருந்தார். முகத்தில் எதுவும் இல்லை. பவுடர் இல்லை, மை இல்லை. கழுவிய முகம்.

"எடியே, விசரே உனக்கு?" என்றார் மாஸ்டரின் மனைவி பல்லுக்குள். "பொம்பிளை மாதிரி வந்து நிக்கிறாய்."

"பொம்பிளைதான்," என்றார் அக்கா.

உதவி இயக்குநர் ஓடிவந்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தோம். அவள் அக்காவை மேலும் கீழும் பார்த்து, "அருமை, நல்ல நிறம், பின்னால் நிறம் குறைவாக இருந்தது," என்றாள். மணவறைக்கு இடப்பக்கம், இரண்டாவது வரிசையில் நிறுத்தினாள். சும்மா நிற்க வேண்டாம் என்று கையில் ஒரு தட்டைக் கொடுத்தாள். பூவும் குங்குமமும் வைத்த தட்டு.

அக்கா தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கடைவாயில் ஒரு சிரிப்பு வந்து போனது. அதைச் சிரிப்பென்று சொல்ல எனக்கு இன்றும் தைரியம் இல்லை.

கமெரா ஓடியது. மின்வேலைக்காரன் தாலி கட்டினான். நாதஸ்வரம் நாடாவிலிருந்து ஒலித்தது. எங்கள் ஆட்கள் அரிசி எறிந்தார்கள். எல்லோரும் மணமக்களைப் பார்க்க, அக்கா மட்டும் நேரே கமெராவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை தடவை எடுத்தார்களோ அத்தனை தடவையும். தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர்களுக்கு அது பின்னால் இருந்த ஒரு சிவப்பு.

முடிந்ததும் நடிகை ஓடிவந்து அக்காவைக் கட்டிப்பிடித்தாள். நன்றி, நன்றி, நீங்கள் இல்லாமல் நான் இல்லை. கண்ணீரோடு, உண்மையாகவே. அவள் விலகியபோது அக்காவின் தோளில், கூறையின் சிவப்பில், ஒரு கன்னத்தின் அகலத்துக்கு மண்ணிறம் ஒட்டியிருந்தது.

படம் குளிர்காலத்தில் வந்தது. அன்றிரவே எசனிலிருந்து ஸ்டுட்கார்ட் வரை தமிழ் வீடுகளில் தொலைபேசி அடித்தது. இரண்டு பொம்பிளையள், பார்த்தனீங்களோ. முன்னுக்கு ஒருத்தி, பின்னாலை ஒருத்தி. சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள், அபசகுனம் என்றார்கள். மாஸ்டர் அக்காவோடு பேசுவதை நிறுத்தினார். முன்னால் நின்றவளின் முகம் எங்கள் ஒருவருக்கும் நினைவில்லை.

பிறகு ஒரு பின்னேரம் மறுஒளிபரப்பு. முதியோர் இல்லக் கூடத்தில் தொப்பிக் கிழவி கைலேஞ்சியை விரித்துக்கொண்டு முன்கதிரையில். அக்கா தட்டோடு அவர் பக்கத்தில். திரையில் தாலி ஏறியது. திரையிலும் அக்கா தட்டோடு நின்றார், நேரே எங்களைப் பார்த்துக்கொண்டு. கிழவி மூக்கைச் சிந்தினார்.

"பின்னால் பாருங்கள்," என்றேன் கிழவியிடம். "அந்தச் சிவப்புச் சேலை."

"ஓ, அழகான துணிகள் உங்களுடையவை," என்றார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். நாள் தவறாமல் கோப்பி ஊற்றிக் கொடுக்கிற அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு இனிமையான பெண், அந்த மணப்பெண். உங்கள் நாட்டவளா? நீயும் அவளைப்போல ஒரு நாளைக்குச் சிரித்தால் என்ன, பிள்ளை? ஆமாம், நீயும் இந்தப் படத்தில் வருவதாகச் சொன்னாயே. எப்போது வருகிறாய்?"

அக்கா அவருக்குக் கோப்பி ஊற்றினார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கோப்பைத் தட்டத்தைச் சத்தமில்லாமல் வைத்தார்.

குசினிக்கு வந்ததும் நான் சொன்னேன், ஆறுதலுக்கு: "எங்கடை சனத்துக்கு விளங்கினது அக்கா. எல்லாருக்கும் விளங்கினது."

"எங்களுக்கு விளங்கி என்னடி? எங்களுக்கு முதலே தெரியும்."

அடுத்த கோடையில் அவர்கள் லண்டனுக்குப் போனார்கள். ஜேர்மன் கடவுச்சீட்டுக் கையில் வந்ததும் பலர் அப்படிப் போன காலம். கணவரின் தம்பி அங்கே கடை வைத்திருந்தான். எசன் பஸ் நிலையத்தில் காலை வெயில். கணவர் பெட்டிகளைப் பஸ்ஸின் வயிற்றுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். கூறை பெட்டிக்குள் போகவில்லை. அக்கா அதைக் கைப்பையில் வைத்திருந்தார்.

"கறை போட்டுதோ அக்கா?" என்று கேட்டேன்.

"கழுவக் குடுக்கேல்லை."

"ஏன்?"

பையைத் திறந்து கூறையின் தோள்பக்கத்தை வெளியே இழுத்தார். அரக்குச் சிவப்பில் அந்த மண்ணிறம் காய்ந்து, வெளிறி, பிஸ்கட் பொடிபோலக் கிடந்தது. ஓட்டுநர் ஏறச் சொல்லிக் கூப்பிட்டான். அக்கா ஜாக்கெட்டின் கையை முழங்கை வரை சுருட்டினார். மழையில் நனைந்த கருங்கல்போன்ற அந்தக் கையைக் கறையோடு ஒட்டினாற்போல் வைத்துப் பிடித்தார்.

"உதுதான் என்ரை நிறமாம். பாத்துச் சொல்லு, பொருந்துதே?"